அப்பாவின் காப்போடு அமிர்தசரஸில்

அப்பா நாமக்கல் லாரி டிரைவர். நான் பிறப்பதற்கு முன்னால் லூதியானாவுக்கு லோடு ஏற்றிப் போன இடத்தில் காய்ச்சலில் விழுந்துவிட்டாராம். வழியிலிருந்த ஒரு குருத்வாராவில், அதாவது சீக்கியர் கோயிலில், நான்கு நாள் படுக்க வைத்து, பாலும் பருப்பும் கொடுத்துத் தேற்றியிருக்கிறார்கள். கிளம்பும்போது ஒரு பெரியவர் இரும்புக் காப்பு ஒன்றை அவர் வலது கையில் மாட்டிவிட்டார். கடைசிவரை அப்பா அதைக் கழற்றவே இல்லை. அமிர்தசரஸ் பொற்கோயிலை, ஹர்மந்திர் சாஹிபை, ஒரு தடவை பார்த்துவிடணும் என்று சொல்லிக்கொண்டே இருந்தவர், பார்க்காமலே போய்ச் சேர்ந்தார். தலைத்திவசத்துக்குள் அந்தக் காப்பை அங்கே நனைத்து எடுத்து வருவதாக அம்மா வேண்டிக்கொண்டாள்.

ஆட்டோக்காரர் கேட்ட இடத்தில் விடாமல் ஏதோ ஒரு லாட்ஜ் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். கோயில் தெருவில் தலைத்துணி விற்கும் பையன்கள் இது இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள் என்று கையில் திணிக்கிறார்கள். வாங்காதீர்கள். வாசலில் கூடை நிறையத் துணி சும்மாவே கிடக்கிறது.

விடியுமுன்னே போய்விட்டோம். துக் பஞ்சனி பேரி என்கிற அந்த இலந்தை மரத்தடியில்தான் பீபி ரஜனி என்ற பெண்ணின் கணவருக்குக் குஷ்டம் நீங்கியதாகச் சொல்வார்கள். சீக்கிய குரு ராம்தாஸ் 1577இல் வெட்டத் தொடங்கிய சரோவர், கோயிலைச் சுற்றியிருக்கும் திருக்குளம். சங்கிலியைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கியதும் எனக்குத் தயக்கம் வந்துவிட்டது. 1699 வைசாகியன்று ஆனந்த்பூரில் குரு கோவிந்த் சிங், தீட்சை பெற்ற சீக்கியர்களின் அமைப்பான கால்சாவுக்குக் கொடுத்த ஐந்து ககாரங்களில், அதாவது அடையாளச் சின்னங்களில், ஒன்று இந்தக் காப்பு. அமிர்தம் எடுக்காத, அந்தத் தீட்சை பெறாத நான் போட்டுக்கொள்ளலாமா?

பக்கத்தில் ஒரு தாத்தா குளித்துக்கொண்டிருந்தார். குளிக்கும்போதும் கிர்பான் என்கிற குறுவாளைக் கரையில் வைக்கவில்லை, தலைப்பாகையோடு சேர்த்துக் கட்டியிருந்தார். நான் காப்பைக் கையில் வைத்துக்கொண்டு விழிப்பதைப் பார்த்தார். "பிதாஜி... டிரைவர்..." என்றேன். அதற்கு மேல் எனக்கு இந்தி வரவில்லை. ஸ்டியரிங்கில் உரசி உரசி ஒரு பக்கம் தட்டையாகிப்போன காப்பு அது. அந்தத் தேய்ந்த இடத்தைக் கட்டைவிரலால் மெதுவாகத் தடவினார். அப்புறம் காப்பைத் தண்ணீரில் முக்கி, "வாஹேகுரு" என்று நெற்றியில் ஒற்றி, என் வலது கையை இழுத்து மாட்டிவிட்டார். அப்பா போனபோதுகூட வராத அழுகை அங்கே வந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, முழுகச் சொல்லி ஜாடை காட்டினார்.

தரிசனத்துக்கு மூன்று மணி நேரம் பாலத்தில் நின்றோம். வேண்டாம் வேண்டாம் என்று அங்கே தொண்டு செய்யும் சேவாதார் கெஞ்சியும் படமெடுக்கப் போனைத் தூக்கிப் பிடிக்கிறார்களே, அவர்களால்தான் வரிசை நகரவில்லை. அம்மாவுக்கு முட்டி வீங்கிவிட்டது. 1604இல் குரு அர்ஜன் சீக்கியர்களின் புனித நூலான ஆதி கிரந்தத்தை எழுந்தருளச் செய்த அதே இடத்தில் அரை நிமிடம் கிடைத்தது. கீர்த்தனை காதில் விழ, அம்மா தரையில் நெற்றி வைத்தாள். அது போதும்.

எல்லோருக்கும் சாப்பாடு போடும் லங்கரில் ஒரு கையை நீட்டினேன். ரொட்டி போடுபவர் போடாமல் நின்றார். பக்கத்தில் இருந்தவர் இரண்டு கையையும் ஏந்திக் காட்டினார். அம்மா சட்டென்று என் பக்கம் திரும்பி, "உங்கப்பா தோசையக்கூட ரெண்டு கையிலதானே வாங்குவாரு கண்ணு" என்றாள். இத்தனை வருஷம் கிண்டல் பண்ணியிருக்கிறோம். அதை அந்தக் குருத்வாராவில்தான் கற்றுக்கொண்டு வந்திருக்கிறார். அந்த நான்கு நாளும் அவருக்குச் சோறு போட்ட கைகள் யாருடையவோ தெரியாது. அவர்கள் பிள்ளைகுட்டிகள் நன்றாக இருக்கணும்.