மெழுகுக் கட்டியைத் திருப்பிக் கேட்டேன்

மாதவிலக்கு வலிக்கு ஒன்பது ஆண்டுகள் மாத்திரை விழுங்கியவள் நான். ஸ்கேன் எடுத்தபோதெல்லாம் "ஒன்றும் இல்லை" என்றார்கள். கருப்பை உள்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய் எண்டோமெட்ரியோசிஸ். அது மேலோட்டமாகப் படர்ந்தால் பெரும்பாலும் ஸ்கேனில் பிடிபடாது என்பது அப்போது எனக்குத் தெரியாது. கடைசியில், வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமராவால் பார்க்கும் லேப்ராஸ்கோப்பி செய்தார்கள். கருப்பைக்குப் பின்னால் மிளகைத் தூவியதுபோல் கறுப்புப் புள்ளிகள். மூன்று இடங்களில் வெட்டியெடுத்துப் பயாப்சிக்கு அனுப்பினார் மருத்துவர்.

அறிக்கை இரண்டே வரிதான். நார்த்திசுவும் பழைய இரத்தக்கசிவின் கறையும் உள்ளன. கருப்பை உள்படலச் சுரப்பிகள் காணப்படவில்லை. நோய் இல்லை என்று படித்துவிட்டு யாராவது அழுவார்களா? நான் அழுதேன். வலி மட்டும் அப்படியே இருந்தது.

மருத்துவர் அறிக்கையை ஓரமாக வைத்துவிட்டு, "அனுப்பிய படிவத்தில் இவர் ஹார்மோன் மாத்திரை சாப்பிடுவதை எழுதினோமா?" என்று உதவியாளரைக் கேட்டார். எழுதவில்லை. புரோஜெஸ்டின் வகை ஹார்மோன் மாத்திரை சுரப்பிகளைச் சுருக்கிவிடும். செல்களின் தோற்றமே மாறிப்போகும். தவிர, வெட்டிய துண்டை மெழுகில் பதித்து, தலைமுடியைவிட மெல்லியதாகச் சீவித்தான் பார்க்கிறார்கள். சீவலில் வராதது கட்டிக்குள் இருக்கலாம்.

அந்த மெழுகுக் கட்டிகளை ஆய்வகம் தூக்கியெறிவதில்லை. எழுதிக் கேட்டு, கண்ணாடித் தகடுகளோடு வாங்கி, மகளிர் நோய்த் திசுக்களையே அதிகம் பார்க்கும் வேறொரு நிபுணரிடம் கொடுத்தேன். தீப்பெட்டியைவிடச் சிறிய பிளாஸ்டிக் சட்டத்தில் ஒட்டிய மெழுகு. ஒன்பது ஆண்டு வழக்கின் சாட்சி அவ்வளவுதான்.

அவர் இன்னும் ஆழமாகச் சீவி, சிடி10 என்ற சாயப் பரிசோதனையும் செய்தார். சுரப்பியைச் சுற்றியிருக்கும் ஸ்ட்ரோமா செல்களை அது பழுப்பாகக் காட்டும். நுண்ணோக்கியில் என்னையும் பார்க்கச் சொன்னார். வெளிர்நீலப் பரப்பின் நடுவே சுருங்கிய ஒரு சுரப்பி. அதை நெருக்கியடித்துச் சூழ்ந்த பழுப்புச் செல்கள். சிடி10 வேறு சில செல்களிலும் ஒட்டும், சாயத்தை மட்டும் நம்பி முடிவெழுத மாட்டேன் என்றும் சொன்னார். அந்தப் பேச்சுதான் எனக்கு அவர்மேல் நம்பிக்கை தந்தது.

புதிய அறிக்கையில் நோயின் பெயர் இருந்தது. இப்போது தினமும் டையனோஜெஸ்ட் என்ற புரோஜெஸ்டின் மாத்திரை சாப்பிடுகிறேன். முதல் சில மாதங்கள் திட்டுத்திட்டாக உதிரம் பட்டுப் பாடாய்ப் படுத்தியது, வலி பாதியாகியிருக்கிறது. அடுத்த முறை பயாப்சி தேவைப்பட்டால், மாத்திரைப் பெயரையும் கடைசி மாதவிலக்குத் தேதியையும் படிவத்தில் நானே எழுதுவேன்.