புதுச்சேரியைத் தாண்டினால்தான் கடற்கரைச் சாலை

சென்னையிலிருந்து ராமேஸ்வரம் வரை கடலோரமாகவே குடும்பத்தோடு காரில் போன கதை இது. முதலில் வயிற்றெரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். வழி, தங்குமிடம், செலவு எல்லாம் அப்புறம் வரிசையாக.

புதுச்சேரிக்குக் கொஞ்சம் முன்னால், ஈசிஆர் என்கிற கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து கடல் பக்கமாகப் பிரியும் மண் சாலையில் ஒரு ‘பீச் கேம்ப்’ இருக்கிறது. பெயர் வேண்டாம். இன்ஸ்டாகிராமில் பார்த்தால் கூடாரத்து வாசலில் அலை வந்து காலை நனைக்கிறது. நேரில் போனால் ஒரு சவுக்குத் தோப்பு, அதற்குப் பின்னால் யாருடைய இடத்துக்கோ போட்ட முள்வேலி, அதைச் சுற்றிக்கொண்டு பத்து நிமிடம் நடந்தால் கடல். இரண்டு பேர் கூடாரத்துக்கு 2,500 ரூபாய். மகளுக்குத் தனியாக 600. ராத்திரி விறகு கேட்டால் அதற்கு 400. “கேம்ப் ஃபயர் சேர்த்துத்தான் என்று போட்டிருந்ததே?” என்று கேட்டேன். அந்தப் பையன் கொஞ்சமும் அசராமல், “ஃபயர் சேர்த்துத்தான் சார், விறகுதான் தனி” என்றான். இப்படிப் பதில் சொல்பவனிடம் என்னதான் பேசுவது? கொடுத்துத் தொலைத்தேன்.

டிஜே பாட்டு நள்ளிரவு தாண்டியும் ஓயவில்லை. இருந்த எல்லாக் கூடாரங்களுக்கும் சேர்த்து இரண்டே கழிப்பறை, அதில் ஒன்றுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. “இந்தக் காசுக்குப் பாண்டிச்சேரியில் ஏசி ரூம் போட்டிருக்கலாம்” என்று மனைவி சொன்னதை ஊர் திரும்பும்வரை கேட்டுக்கொண்டே வந்தேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சென்னையிலிருந்து ராமேஸ்வரம் வரை, சுமார் 600 கிலோமீட்டரை, அவசரமே இல்லாமல் கடலோரமாகவே போவது என்பதுதான் திட்டம். இதை வடக்கிலிருந்து தெற்காகத்தான் செய்ய வேண்டும். தெற்கே போகும்போது கடல் இடது பக்கம், நாமும் இடது பக்கம்தான் ஓட்டுகிறோம். ஆசைப்பட்ட இடத்தில் எதிர்வரும் பஸ்ஸுக்குப் பயந்து சாலையைக் குறுக்கே வெட்டாமல் அப்படியே ஒதுங்கி நிறுத்தலாம். ஈசிஆர் பஸ்களை அறிந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

மாதம் என்றால் ஜனவரிப் பிற்பகுதியும் பிப்ரவரியும்தான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை இந்தப் பக்கம் மழையும் புயலும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கரையில் நிற்கும். மீன் சாப்பிடவே கிளம்புகிற என்னைப் போன்றவர்கள் அந்த 61 நாள் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது. கிடைக்கிற கொஞ்ச மீனும் தங்க விலை.

கூடாரம் கையில் இருக்கிறதே என்று கண்ட கடற்கரையில் அடிக்காதீர்கள். போலீஸ் வந்து எழுப்புவது ஒருபுறம் இருக்கட்டும், ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும் காலம். நம் டார்ச் வெளிச்சமும் கூச்சலும் போதும், அது முட்டையிடாமலே திரும்பிப் போய்விடும். தோப்புக்காரரைக் கேட்டு உள்ளே அடித்துக்கொள்வதே நல்லது. அப்படித் தோப்புகள் கிடைப்பது தெற்கேதான், புதுச்சேரிக்கு வடக்கே கடலோரம் முழுக்க ரிசார்ட் மதில்.

வடக்குப் பகுதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உத்தண்டியில் சுங்கம். கோவளத்தில் நீலக்கொடி என்கிற தூய்மைச் சான்று வாங்கிய கடற்கரை, சுத்தமாக இருக்கிறது, அலைச்சறுக்கு கற்றுக்கொள்ளலாம். மாமல்லபுரம் பற்றி எழுதாதவர்கள் இல்லை. அதற்குத் தெற்கே சாலையை நான்கு வழியாக்குகிறோம் என்று தோண்டிப் போட்ட புழுதி. மரக்காணம் உப்பளங்களைக் காலை வெயிலில் பாருங்கள், மற்றபடி நிற்க வேண்டாம். கடலூர், சிதம்பரம் வரை கடல் கண்ணிலேயே படாது.

தரங்கம்பாடியில் இறங்கியதும்தான் பயணம் தொடங்கியது போல இருந்தது. 1792-ல் கட்டிய வாயிலுக்குள் கார் நுழைந்ததும் ஹார்ன் சத்தம் அடங்கிவிடுகிறது. நேரே ராஜ வீதி, அதன் முடிவில் கடல். 1620-ல் டேனிஷ்காரர்கள் கட்டிய டான்ஸ்போர்க் கோட்டை வலது பக்கம். உள்ளே சின்ன அருங்காட்சியகம். டென்மார்க்கிலிருந்து இத்தனை தூரம் வந்து மிளகு வாங்கியவர்கள், 1845-ல் ஆங்கிலேயரிடம் ஊரை விற்றுவிட்டுப் போனார்கள். ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்க் 1706-ல் வந்து இறங்கியதும், தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சடித்ததும் இங்கேதான். பக்கத்திலேயே மாசிலாமணிநாதர் கோயில், பாண்டியர் காலத்தது. முன்பக்கத்தைக் கடல் தின்றுவிட்டது. இப்போது பாறாங்கல் கொட்டித் தடுத்திருக்கிறார்கள்.

இங்கே குளிக்க ஆசைப்படாதீர்கள், இழுப்பு மோசம். காலைப் பொழுதைக் கோட்டைச் சுவரில் உட்கார்ந்தே போக்கலாம். தங்குவதற்குக் கடலைப் பார்த்த பெரிய விடுதி ஒன்று உண்டு, வாடகையைக் கேட்டதும் வெளியே வந்துவிட்டோம். ஊருக்குள் வீட்டு மாடியில் 1,200 ரூபாய்க்கு அறை கிடைத்தது. மின்விசிறி கடகடவென்று ஓடியது, தண்ணீர் கொஞ்சம் உப்பு. போன இரவுக்கு அது சொர்க்கம்.

அடுத்து காரைக்கால். இது புதுச்சேரி யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்தது என்பதால் பெட்ரோல், டீசல் நம் ஊரைவிடக் கொஞ்சம் மலிவு. டேங்க் காலியாகும்படி கணக்குப் போட்டு வந்து இங்கே நிரப்புங்கள். எங்களுக்கு மிஞ்சிய காசு அன்றைக்குச் சாயங்காலமே நாகூரில் கரைந்தது.

நாகூர் வாடா என்கிற பலகாரத்தைப் பற்றி நான் கொஞ்சம் விரிவாகத்தான் எழுதுவேன், அவசரக்காரர்கள் தாண்டிப் போகலாம். தர்காவின் மினாராக்கள் தெரிகிற சந்து ஒன்றில், சாயங்காலம் ஐந்து மணிக்கு ஓர் அம்மா அடுப்பைப் பற்றவைத்தார். அரிசிமாவை உள்ளங்கை அகலத்துக்குத் தட்டி, நடுவில் வெங்காயமும் தேங்காயும் இறாலும் சேர்த்து வதக்கிய மசாலாவை வைத்து, மேலே இன்னொரு வட்டத்தை மூடி விளிம்பை விரலாலேயே அழுத்துகிறார். கடைசியில் ஒரு முழு இறாலை மேலே பதித்து எண்ணெயில் விடுகிறார். அந்த இறால் முதலில் சிவந்து, வால் சுருண்டு, மொறுமொறுவென்று தனியாக வெந்துவிடுகிறது. உள்ளே மாவு மெத்தென்று இருக்கிறது. முதல் வாடாவிலேயே நாக்கைச் சுட்டுக்கொண்டேன். “ஆறட்டும் வாப்பா, யாரும் பிடுங்கிட்டுப் போக மாட்டாங்க” என்றார் அந்த அம்மா. ஒன்று 20 ரூபாய். கேம்ப் பையனின் விறகுக் காசுக்கு இதில் இருபது வாங்கியிருக்கலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டே சாப்பிட்டேன், வயிறு இன்னும் எரிந்தது.

வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை திருவிழா, அப்போது கார் நகராது. நாங்கள் போன நேரத்தில் கோயில் மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பினோம். கடற்கரைக் கடைகளில் எதை எடுத்தாலும் பேரம்தான். அங்கிருந்து வேட்டைக்காரனிருப்பு வழியாக வேதாரண்யம் போகும் சாலையில் வண்டிகளே குறைவு. இருபுறமும் குட்டைத் தென்னைகள். 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த தோப்புகளில் திரும்ப வைத்த கன்றுகள், இப்போதுதான் காய்க்கத் தொடங்கியிருக்கின்றன.

‘வேதாரண்யம் விளக்கழகு’ என்பார்கள். கோயிலைப் பார்த்துவிட்டு அகத்தியம்பள்ளிக்கு வாருங்கள். 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பெடுத்த இடத்தில் நினைவுத் தூண் நிற்கிறது. சுற்றிலும் இன்றைக்கும் உப்பளம், கண் கூசும்.

கோடியக்கரைக்குத்தான் இந்தப் பயணத்தில் என் முதல் மதிப்பெண். கடற்கரை இங்கே கிழக்கைவிட்டு தெற்குப் பக்கமாகத் திரும்புகிறது. அதனால் குளிர்காலத்தில் சூரியன் கடலிலேயே உதித்துக் கடலிலேயே விழுவதைப் பார்க்க முடியும், நம் கிழக்குக் கரையில் இது லேசில் கிடைக்காது. சரணாலயத்துக்குள் வெளிமான்கள் கூட்டம் கூட்டமாக மேய்கின்றன. ஆண்களுக்கு முறுக்கிய கொம்பு, கறுத்த முதுகு. காட்டுக்குதிரைகள் வேறு, வண்டியைப் பார்த்து நகராமல் நின்று மகளை முறைத்தன. பூநாரைகள் தூரத்தில்தான் இருந்தன, பைனாகுலர் இல்லாமல் போனால் வெள்ளைக் கோடு மட்டும்தான் தெரியும். தங்குவதற்கு வனத்துறையின் பூநாரை இல்லம் உண்டு, நாகப்பட்டினம் வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்க வேண்டும். கூடாரத்துக்கு அனுமதி இல்லை, அது சரிதான்.

கோடியக்கரை தாண்டியதும் கடலின் குணமே மாறிவிடுகிறது. இதுவரை உறுமிக்கொண்டு வந்த கடல், பாக் விரிகுடாவில் குளம் மாதிரி கிடக்கிறது. நூறடி உள்ளே நடந்தாலும் இடுப்பளவுதான். குழந்தைகளோடு போகிறவர்கள் குளியலை இதற்காக மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள். அடியில் கடற்புல், அதைத் தின்று வாழும் ஆவுளியா எனும் கடற்பசு. தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரம் 448 சதுர கிலோமீட்டரை 2022-ல் அதற்கான காப்பகமாக அறிவித்தார்கள். நம் கண்ணில் படும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

மனோராவில் ஏறலாம் என்று மகள் துள்ளினாள். வாட்டர்லூவில் நெப்போலியன் தோற்றதற்குத் தஞ்சாவூர் சரபோஜி மன்னர் ஏன் இங்கே எட்டடுக்குக் கோபுரம் கட்ட வேண்டும் என்று அவள் கேட்ட கேள்விக்கு என்னிடம் இருந்த பதில், ஆங்கிலேயரைக் குளிர்விக்கத்தான் என்பது. அப்புறம் மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், மீமிசல், தொண்டி என்று வரிசையாக ஊர்கள். எந்த ஊரில் வேண்டுமானாலும் மதியம் ஒரு சின்ன மெஸ்ஸில் உட்காருங்கள். நாங்கள் உட்கார்ந்த இடத்தில் சாப்பாடு 100, நண்டு வறுவல் 150. நீலக்கால் நண்டு, மிளகு தூக்கல். பலகையில் விலை எழுதியிருந்தது, அதற்கு மேல் ஒரு ரூபாய் வாங்கவில்லை. வடக்கே இருக்கிறவர்கள் வந்து கற்றுக்கொள்ள வேண்டும்.

கூடாரம் கடைசியில் உருப்படியாக நின்றது அரியமான் பக்கம். உச்சிப்புளிக்கு அருகே, சவுக்கும் தென்னையும் கடல்வரை போகிற கரை. தோப்புக்காரர் கூடாரத்துக்கு 500 ரூபாய் கேட்டார், பம்புசெட் தண்ணீர், கழிப்பறை உட்பட. தாழ்ப்பாள் இருந்தது. வாடைக்காற்று பலமாக வீசியது. நான் கூடாரக் கம்பிகளை அடிக்க அடிக்க மணல் அவற்றைத் துப்பிக்கொண்டே இருந்தது. தோப்பைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு, “தம்பி, மணல்ல கம்பி நிக்காது. சாக்கு இருக்கா?” என்றார். காரில் அரிசிப் பை இருந்தது. அதில் பாதிவரை மணலைப் போட்டு, வாயைக் கயிற்றால் கட்டி, கயிற்றின் மறுமுனையைக் கூடாரத்தில் முடிந்தார். பையை முழங்கால் ஆழத்துக்குப் புதைத்து மேலே மிதித்தார். மற்ற மூலைகளுக்கு அவரே உரச்சாக்குகள் கொண்டுவந்தார். ராத்திரி முழுக்கத் துணி படபடத்தது, ஒரு கயிறுகூடத் தளரவில்லை. காசு கொடுத்தால் வாங்கவில்லை, டீ மட்டும் குடித்தார். கூடாரத்தோடு கிளம்புகிறவர்கள் ஆறு காலிச் சாக்கும் தேங்காய் நார்க் கயிறும் எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் விற்கும் ‘மணல் கம்பி’ செட்டுக்குக் கேட்கும் விலை அநியாயம்.

பாம்பனில் 2025 ஏப்ரலில் திறந்த புது ரயில் பாலத்தின் தூக்கு நடுப்பகுதியைச் சாலைப் பாலத்திலிருந்தே பார்க்கலாம். நிறுத்தக் கூடாது என்று போர்டு, அதன் கீழேயே வரிசையாகக் கார்கள், போலீஸ் விசில். தனுஷ்கோடிக்குச் சொந்த வண்டியிலேயே அரிச்சல்முனை வரை போகலாம், 2017-க்குப் பின் சாலை இருக்கிறது. பழைய நினைப்பில் ஜீப்புக்காரரிடம் பேரம் பேசத் தேவையில்லை. சாயங்காலம் எல்லோரையும் வெளியேற்றிவிடுவார்கள், அதனால் விடிந்ததும் போய்விடுங்கள். பத்து மணிக்கு மேல் அங்கே கடலைவிடக் கூட்டம்தான் அதிகம். 1964 டிசம்பர் புயலில் இடிந்த தேவாலயச் சுவருக்குள் நின்று செல்ஃபி எடுப்பவர்களைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. குடிசைக் கடைகளில் மீன் பொரிக்கச் சொல்லும் முன் விலையைக் கேட்டுவிடுங்கள். பக்கத்து மேசைக்காரர் ஒரு சங்கரா மீனுக்கு 350 கொடுத்துவிட்டு நிலைகுலைந்து உட்கார்ந்திருந்தார்.

திரும்பும்போது மதுரை, திருச்சி வழியாக நாற்கரச் சாலையில் ஒரே மூச்சாக வந்தோம். சுங்கச்சாவடிகளில் போன பணத்தைக் கூட்டிப் பார்த்தால் அரியமானில் இன்னும் இரண்டு ராத்திரி தங்கியிருக்கலாம். லீவு கூடுதலாக உள்ளவர்கள் ராமநாதபுரத்தோடு திரும்பாமல் கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி வழியாகத் தூத்துக்குடிக்கு விடுங்கள். மக்ரூன் வாங்கிக்கொண்டு மணப்பாடு வரை போய்விட்டு வரலாம். அந்தப் பக்கம் சாலையோரம் கருவேலம் நெருக்கமாக இருக்கும், முள்ளுக்கு டயர் தாங்காது. ஸ்டெப்னியில் காற்று பார்த்துக்கொள்ளுங்கள்.