திரையறைக் குறிப்புகள்: மார்ச், ஏப்ரல்

மார்ச் 3, செவ்வாய்

எங்கள் அருங்காட்சியக அரங்குக்கு வர வேண்டிய ‘டோக்கியோ ஸ்டோரி’ என்ற ஜப்பானியப் படத்தின் பிலிம் பிரிண்ட் இன்னும் கிளம்பவில்லை. ‘இந்த வாரம் அனுப்பிவிடுகிறோம்’ என்று ஆவணக்காப்பகத்திலிருந்து ஒரு வரி வந்திருக்கிறது. போன வாரமும் இதே வரிதான்.

மார்ச் 5, வியாழன்

ஆபரேட்டர் அண்ணனுக்குக் கண்புரை அறுவைக்குத் தேதி குறித்துவிட்டார்கள். 19ஆம் தேதி, முதலில் இடது கண். பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டு லென்ஸைத் துடைக்கப் போய்விட்டார். அதற்கப்புறம் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

35 மி.மீ. ப்ரொஜெக்டரை முழுசாகத் தெரிந்தவர் இந்தக் கட்டடத்தில் அவர் ஒருவர்தான். எனக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறார். ஆனால் அவர் பக்கத்தில் நிற்கும்போது செய்வது வேறு, தனியாகச் செய்வது வேறு. ஃபோகஸையே எடுத்துக்கொள்ளலாம். “மூஞ்சியப் பாத்து ஃபோகஸ் வைக்காத. கேமராமேனே மூஞ்சிய மங்கலா விட்டிருப்பான். பிலிமோட மணியப் பாரு” என்பார். ஆபரேட்டர் அறையின் சின்ன ஜன்னல் வழியாகப் பைனாகுலரில் திரையைப் பார்ப்பார். அதில் பார்த்தால் ஆகாயம், சுவர், சட்டை எல்லாவற்றிலும் பொடி மணல் மாதிரி ஒன்று கொதித்துக்கொண்டே இருக்கும். அது கூராகத் தெரிகிற இடத்தில் குமிழைத் திருப்புவதை நிறுத்த வேண்டும்.

அந்தக் கண்ணில்தான் புரை.

மார்ச் 7, சனி

இன்று ‘பதேர் பாஞ்சாலி’. அரங்கில் பாதிக்கு மேல் ஆள். அறிமுகத்துக்கு ஐந்து நிமிடம் கொடுத்தார்கள், கூடவே எடுத்துக்கொண்டேன். இந்தப் படத்தை ஓர் அருங்காட்சியகத்தில் போட்டுவிட்டு அந்தக் கதையைச் சொல்லாமல் எப்படி விடுவது?

1955 மே 3 அன்று இந்தப் படம் முதன்முதலாகக் காட்டப்பட்டதே நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில்தான். அங்கே அப்போது இந்தியத் துணிகளையும் ஆபரணங்களையும் வைத்து ஒரு கண்காட்சி. அதற்காகக் கல்கத்தா போன அந்த அருங்காட்சியகத்தின் மன்றோ வீலர், சத்யஜித் ரே பாதி எடுத்து வைத்திருந்த படத்தின் புகைப்படங்களைப் பார்த்தார். முடித்துக் கொடுங்கள், நாங்கள் காட்டுகிறோம் என்றார். காசு வரும்போது எடுத்து, காசு தீர்ந்ததும் நிறுத்தி, மறுபடி எடுத்த படம் அது. கடைசியில் ராப்பகலாக உட்கார்ந்து முடித்தார்கள். சப்டைட்டில் போடாமலே முதல் காட்சி நடந்தது. கல்கத்தாவில் வெளியானது அதற்கப்புறம், அந்த ஆகஸ்டில்.

அப்புறம் 1993இல் லண்டன் லேப் ஒன்றில் தீ. இந்தப் படத்தில் தொடங்கும் அபு படங்கள் மூன்றின் நெகட்டிவ்களும் அதில் மாட்டின. கருகியதை யாரோ தூக்கிப் போடாமல் எடுத்துவைத்திருக்கிறார்கள், அந்தப் புண்ணியவான்களுக்குக் கோடி நமஸ்காரம். பல வருஷம் கழித்து இத்தாலியில் பொலோன்யாவில் அந்தச் சுருள்களுக்கு மறுபடி ஈரப்பதம் ஏற்றி, பிய்ந்த ஓரத் துளைகளைக் கையாலேயே சரிசெய்து மீட்டார்கள். 2015இல் புதிய 4கே டிஜிட்டல் பிரதி வந்ததும் அதே நியூயார்க் அருங்காட்சியகத்தில் திரையிட்டார்கள். இன்று நாங்கள் ஓட்டியதும் அந்தப் பிரதியைத்தான்.

ரயில் வரும் காட்சியில் முன் வரிசைச் சிறுமி ஒருத்தி எழுந்து நின்றுவிட்டாள். அவள் அம்மா பிடித்து இழுக்கவில்லை. பின்னால் இருந்தவரும் ஒன்றும் சொல்லவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

பிரிண்ட் பற்றித் தகவல் இல்லை.

மார்ச் 11, புதன்

அருங்காட்சியகக் கூட்டம் முடிந்து வந்து இதை எழுதுகிறேன். கை இன்னும் நடுங்குகிறது.

அரங்கின் இருக்கைகளை எடுத்துவிட்டு, சரிவான தரையைச் சமன் செய்து, அதைக் காட்சிக்கூடமாக மாற்றும் யோசனை இருக்கிறதாம். சுவரில் படம் சுழற்சியில் ஓடிக்கொண்டே இருக்கும், வருகிறவர்கள் நின்று பார்த்துவிட்டு நகர்ந்துகொள்ளலாம், ஒரு நாளைக்கு இத்தனை மடங்கு அதிகம் பேர் பார்க்கலாம். முடிவு இன்னும் எடுக்கவில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அப்படித் திரும்பத் திரும்பச் சொன்னதுதான் என்னைப் பயமுறுத்துகிறது.

நான் கேட்டேன்: ஓவியத்துக்கு எந்த உயரத்தில் ஆணி, எவ்வளவு வெளிச்சம், அறையில் எவ்வளவு ஈரப்பதம் என்று அத்தனையும் பார்க்கிறோம். ஓர் ஓவியத்தின் வலது பாதியை மட்டும் காட்டிவிட்டு, இத்தனை பேர் பார்த்தார்கள் என்று கணக்கு எழுதுவோமா? படத்துக்கு அதன் நீளமும் உடம்புதானே? ஆரம்பத்திலிருந்து உட்காராதவர் அந்தப் படத்தைப் பார்க்கவில்லை. பாதியில் எழுந்து போகட்டும், அது அவரவர் இஷ்டம். ஆனால் முழுசாகப் பார்க்க ஓர் இடம் இருந்தாக வேண்டும்.

1935இல் ஐரிஸ் பாரி நியூயார்க் அருங்காட்சியகத்தில் திரைப்பட நூலகத்தைக் கட்ட ஆரம்பித்தபோது, ஓடி முடிந்த படத்தை யாரும் சீந்தாத காலம். எத்தனையோ மௌனப் படங்கள் அதற்குள் அழிந்தே போயிருந்தன. பிரதிகளைத் திரட்டி, ஓவியம் சிற்பத்தோடு சமமாக உட்காரவைத்தார். அந்த வரிசையில் வந்தவர்கள் நாம், நம் கையாலேயா இருக்கையைக் கழற்றுவது என்று கேட்டேன். ஒருவர் குறிப்பெடுத்துக்கொண்டார். என்ன எழுதினார் என்று தெரியவில்லை.

மார்ச் 12, வியாழன்

தூக்கமே இல்லை. நேற்று சொல்ல விட்டுப்போனது ராத்திரி இரண்டு மணிக்கு ஞாபகம் வந்தது.

பெல்ஜிய இயக்குநர் ஷாண்டால் ஆக்கர்மன் 1993இல் ‘த’எஸ்ட்’ படத்தை எடுத்தார். 1995இல் அதையே அருங்காட்சியகக் காட்சிக்கூடத்துக்குக் கொண்டுபோனார். படத்தை அப்படியே சுவரில் ஓடவிடவில்லை. துண்டுகளாகப் பிரித்து, 24 டிவி பெட்டிகளில் மூன்று மூன்றாக வைத்து, மக்கள் நடுவில் நடந்து போகிற மாதிரி புதிதாக ஒன்றைச் செய்தார். நடக்கிறவருக்கு ஒன்று, உட்காருகிறவருக்கு ஒன்று. இரண்டும் வேறு என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

காட்சிக்கூடத்தில் ஓடும் படங்களை நான் வெறுக்கவில்லை. கிறிஸ்டியன் மார்க்லேயின் ‘த க்ளாக்’ 24 மணி நேரம் ஓடுகிறது, திரையில் காட்டும் நேரம்தான் நம் கைக்கடிகாரத்திலும். எப்போது நுழைந்தாலும் அங்கே சரியான நேரத்துக்குத்தான் வந்திருப்போம். அது அதற்கென்றே செய்தது. எல்லாப் படமும் அப்படியா?

மார்ச் 14, சனி

‘ஜான் டீல்மன்’. 1975. 201 நிமிடம். ஆக்கர்மனுக்கு அப்போது 25 வயதுகூட நிரம்பவில்லை. 2022இல் ‘சைட் அண்ட் சவுண்ட்’ இதழின் வாக்கெடுப்பில் உலகத்தின் சிறந்த படமாக முதலிடம். அதற்கப்புறம்தான் பெயர் கேள்விப்பட்டு நிறையப் பேர் வருகிறார்கள். வரட்டும், நல்லதுதான்.

கூட்டத்தில் பேசிய ஒருவரையும் வரச் சொல்லியிருந்தேன். வந்தார். கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில்.

படத்தில் முதல் நாள், ஜான் டீல்மன் என்ற அந்த அம்மா உருளைக்கிழங்கு வேகவைக்கிறார், மூடியைத் திறந்து பீங்கான் பாத்திரத்தில் பணத்தைப் போடுகிறார், மூடுகிறார், விளக்கை அணைக்கிறார். ஒவ்வொன்றையும் முழு நேரமும் பார்க்கிறோம். ஒருவருக்கு இருமல், ஒருவர் வெளியே போய்விட்டு வந்தார். இரண்டாம் நாள் உருளைக்கிழங்கு கருகிவிடுகிறது. பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே போவதென்று தெரியாமல் அறை அறையாக நடக்கிறார். பணப் பாத்திரத்தை மூட மறந்துவிடுகிறார். அந்த மூடியைப் பார்த்து அரங்கில் நிஜமாகவே பலருக்கு மூச்சு இழுத்தது, என் காதால் கேட்டேன். ஒரு மூடி! முந்தின ஒரு மணி நேரத்தை உட்கார்ந்து கடந்தவர்களுக்குத்தான் அந்த மூடி தெரியும். நின்று பார்த்துவிட்டு நகர்கிறவருக்கு அது மேஜையில் இருக்கும் ஒரு பாத்திரம், அவ்வளவுதான்.

விளக்கு போட்டதும் கடைசி வரிசையைப் பார்த்தேன். காலியாக இருந்தது. எப்போது போனார் என்று தெரியவில்லை. மூடிக்கு முன்னாலா, பின்னாலா?

மார்ச் 15, ஞாயிறு

முன்னால்தான் போயிருப்பார்.

மார்ச் 17, செவ்வாய்

வந்துவிட்டது! ‘டோக்கியோ ஸ்டோரி’, 35 மி.மீ., எட்டுமூலை டப்பாக்களில். மத்தியானம் முழுக்க அண்ணனும் நானும் மேஜையில் உட்கார்ந்து ரீல் ரீலாகச் சுற்றிப் பார்த்தோம்.

டப்பாவைத் திறந்ததும் அவர் முதலில் செய்வது மோந்து பார்ப்பதுதான். அசிட்டேட் பிலிம் கெட்டுப்போக ஆரம்பித்தால் வினிகர் வாடை அடிக்கும். வாடை இல்லை. ஆனாலும் சோதனைத் தாளை உள்ளே போட்டுவைத்திருக்கிறோம், நீலமாகவே இருந்தால் நிம்மதி, பச்சையோ மஞ்சளோ ஆனால் கவலை. பருத்திக் கையுறை போட்டு ஓரத்தை இரண்டு விரலுக்கு நடுவில் ஓடவிட்டு, பிய்ந்த துளை இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். மூன்றாவது ரீலில் நிறுத்தினார். கண்ணுக்கு எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பழைய ஒட்டு ஒன்று லேசாக விட்டிருந்தது. மறுபடி ஒட்டினோம்.

ரீல் முடிகிற இடத்தில், மேலே வலது மூலையில், வட்டப் புள்ளி. நாலு ஃபிரேம்தான், ஒரு நொடியில் ஆறில் ஒரு பங்கு. முதல் புள்ளிக்கு, அடுத்த ரீல் ஏற்றி நிற்கும் இன்னொரு மெஷினின் மோட்டாரைப் போட வேண்டும், சுமார் ஏழு நொடி கழித்து இரண்டாவது புள்ளிக்கு ஒளியை மாற்ற வேண்டும். இந்தப் பிரிண்டில் அதுக்குப் பக்கத்திலேயே யாரோ ஓர் ஆபரேட்டர் ஊசியால் தன் பங்குக்கு ஒரு கீறலும் போட்டிருக்கிறார். அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. “நம்பிக்கை இல்லாதவன் வேலை” என்றார்.

இந்தப் படத்தின் மூல நெகட்டிவும் தீயில் போனதுதான். ஆக, மேஜையில் கிடப்பது பிரதிக்குப் பிரதி. அப்படி இருந்தும் விளக்குக்கு நேரே பிடித்தால் அந்தக் கிழவரும் கிழவியும் கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

மார்ச் 19, வியாழன்

அறுவை நல்லபடியாக முடிந்தது. போனில் பேசினார். அவர் கேட்ட முதல் கேள்வி, “தாள் என்ன நிறம்?”

நீலம், அண்ணா.

மார்ச் 22, ஞாயிறு

வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். குனியக் கூடாது, எடை தூக்கக் கூடாது, சொட்டு மருந்து விட வேண்டும். ரீல் டப்பாவைப் பற்றிப் பேச்செடுத்ததும் அவர் மகள் என்னை ஒரு பார்வை பார்த்தார். நியாயம்தான்.

மார்ச் 24, செவ்வாய்

அரங்கு பற்றிய முடிவு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போயிருக்கிறது.

மார்ச் 26, வியாழன்

ஒத்திகை. முதல் ரீல் மாற்றம் சுத்தமாக வந்தது. அண்ணன் வந்திருந்தார், நாற்காலியில் உட்காரவைத்துவிட்டோம், எதையும் தொட விடவில்லை.

ப்ரொஜெக்டரில் பிலிம் ஏற்றாமல் வெறும் வெளிச்சத்தைத் திரையில் போட்டேன். அவர் வலது கண்ணை மூடினார், அப்புறம் இடது கண்ணை மூடினார், மாற்றி மாற்றி வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். “இந்தக் கண்ணுக்கு இது வெள்ளை, லேசா நீலம்கூட இருக்கு. அந்தக் கண்ணுக்கு இது பழுப்பு” என்றார். புரை, மஞ்சள் கண்ணாடியைப் போட்ட மாதிரி நீலத்தை வடிகட்டிவிடுமாம், டாக்டர் சொன்னாராம். செனான் விளக்கு எப்போதும் இப்படித்தான் இருந்ததா என்று என்னைக் கேட்டார். எப்போதும் இப்படித்தான், அண்ணா. “அப்போ நான் பாத்த கலர் படமெல்லாம்?” அதற்கு என்னிடம் பதில் இல்லை. கொஞ்சம் கழித்து அவரே, “எல்லாத்தையும் மறுபடி போடு, பாக்கணும்” என்றார்.

மார்ச் 28, சனி

அரங்கு நிறைந்தது. 136 நிமிடம். ரீல் மாற்றம் எல்லாம் என் கையால், அவர் பைனாகுலரோடு பக்கத்தில். “கால் சுத்து” என்பார், “போதும்” என்பார், அவ்வளவுதான் பேச்சு. நாலாவது ரீலில் ஃபோகஸ் கொஞ்சம் நழுவியதை எனக்கு முன்னால் அவர் பிடித்தார். புதுக் கண்ணால்.

வெளியே வந்தவர்கள் யாரும் உடனே கிளம்பவில்லை. படிக்கட்டில் நின்றுகொண்டே இருந்தார்கள். ஓர் இளைஞர் தன் அம்மாவுக்கு அங்கிருந்தே போன் செய்துகொண்டிருந்தார்.

இதை எந்தத் தாளில், எந்தக் கட்டத்தில் எழுதிக் கொடுப்பது?

ஏப்ரல் 1, புதன்

பிரிண்டைத் திருப்பி அனுப்பியாயிற்று. அடுத்தது சனிக்கிழமை, புது இயக்குநர் ஒருவரின் முதல் படம், டிசிபி, அதாவது பூட்டிய டிஜிட்டல் கோப்பு. விநியோகஸ்தர் இல்லாமல் தானே ஹார்ட் டிரைவை அனுப்பியிருக்கிறார், கையால் எழுதிய ஒரு சீட்டோடு: ‘சத்தத்தைக் குறைக்காதீர்கள், முதல் பத்து நிமிடம் அப்படித்தான்.’ குறைக்க மாட்டேன்.

ஏப்ரல் 3, வெள்ளி

கோப்பின் டிஜிட்டல் பூட்டைக் கீ திறக்கவில்லை. சர்வரில் போன மாதம் போர்டு மாற்றினார்கள், கீயோ பழைய போர்டின் சான்றிதழுக்குச் செய்தது. கோப்பு முழுசாக உள்ளே இருக்கிறது, ஒரு ஃபிரேம்கூடத் திறக்காது. புதிய சான்றிதழைக் கீ செய்துதரும் லேபுக்கு அனுப்பிவிட்டேன், இயக்குநருக்கும் எழுதிவிட்டேன். லேப் இருக்கும் ஊரில் இப்போது நடுநிசி. அண்ணன் காலை ஆறு மணிக்கே வந்துவிடுகிறேன் என்கிறார். நாளைக் காலைதான் அரங்கு பற்றிய கூட்டமும், பத்து மணிக்கு.