அட்டவணையில் வராத ஞாயிற்றுக்கிழமை

2023ல் சிங்கப்பூரில் நடந்தது. மளிகைக்கடை வைத்திருக்கும் ஒரு அண்ணன், இரண்டாவது கடையை லிட்டில் இந்தியா என்கிற தேக்காவில் போடலாமா, அடுக்குமாடி வீடுகள் நிறைந்த செங்காங்கில் போடலாமா என்று கேட்டு, நான் வேலை பார்க்கும் சின்ன ஆய்வு நிறுவனத்துக்கு வந்தார். தமிழ்க்காரர் என்பதால் அந்த வேலை என் தலையில் விழுந்தது.

எனக்கு ஒரே குஷி. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் அட்டவணைகள் எல்லாம் புள்ளிவிவரத் துறைத் தளத்தில் இலவசமாகவே கிடக்கின்றன, வட்டாரவாரியாக, வயதுவாரியாக, வீட்டுவகைவாரியாக. இரண்டே நாளில் அறிக்கை தயார். தேக்கா இருப்பது ரோச்சோர் வட்டாரத்தில், அங்கே குடியிருப்பவர்கள் 13,000 சொச்சம்தான். செங்காங்கிலோ இரண்டு லட்சத்துக்கும் மேல், அதுவும் சின்னப் பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் நிறைய. போதாததற்கு, இந்தியர்களில் வீட்டில் அதிகமாகத் தமிழ் பேசுவோர் 2010ல் சுமார் 37 விழுக்காடு, 2020ல் சுமார் 27. தமிழ் குறைந்தால் மளிகை வாங்குவோரும் குறைவார்கள், ஆள் நிறைய இருக்கும் இடமே மேல் என்று, கண்ணை மூடிக்கொண்டு செங்காங் என்று எழுதிவிட்டேன்.

அண்ணன் கடைசிப் பக்கம் வரை பொறுமையாகப் புரட்டினார். "ஏம்மா, நீ ஞாயித்துக்கிழமை தேக்கா பக்கம் வர்றதே இல்லையா?" என்றார்.

வராமல் என்ன, சிராங்கூன் சாலையில் சாயங்காலம் நடக்க இடமில்லாமல் நசுங்கியிருக்கிறேன். ஆனால் கணினி முன்னால் உட்கார்ந்ததும் அது நினைவுக்கே வரவில்லை. அன்றைக்கு ராத்திரி மறுபடி அட்டவணைகளைத் திறந்து, தலைப்புக்குக் கீழே பொடி எழுத்தில் இருப்பதைப் படித்தேன். மொழி, வருமானம், வீடு, நான் எடுத்த எல்லாமே குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும். 2020ல் இங்கே இருந்த 5.69 மில்லியன் பேரில் 1.64 மில்லியன் பேர் அந்த இரண்டிலும் இல்லை. துவாஸ், சுங்கை காடுட் பக்கத்து வெளிநாட்டுத் தொழிலாளர் விடுதிகளிலிருந்து ஞாயிறு விடுமுறையில் பேருந்து பிடித்துத் தேக்காவுக்கு வருகிற தம்பிமார்கள் அதில்தான் அடங்குவார்கள். கணக்கெடுப்பின் மேல் குற்றமில்லை. யார் எங்கே குடியிருக்கிறார்கள் என்று அது சொல்கிறது, யார் எங்கே செலவழிக்கிறார்கள் என்று கேட்டால் அது என்ன செய்யும்?

அடுத்த ஞாயிறு, தேக்கா பக்கமே இருக்கும் அண்ணனின் பழைய கடையில், கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு, நோட்டில் கோடு கிழித்து எண்ண ஆரம்பித்தேன். மூன்று மணிக்கு மேல் எண்ண முடியவில்லை, அவ்வளவு கூட்டம். அரிசி மூட்டையை யாரும் தொடவில்லை. சின்ன பாட்டில் தேங்காயெண்ணெய், ஊறுகாய், முறுக்கு, தொலைபேசிக்கு டாப்அப். ஒரு தம்பி, அடுத்த வாரம் ஊருக்குப் போகிறாராம், சவர்க்காரம் ஒரு டஜன், சாக்லெட் மூன்று பை, கோடாலித் தைலம் என்று அடுக்கிவிட்டு, கைப்பேசியில் அம்மாவிடம் "இன்னும் என்ன வேணும்?" என்று கேட்டுக்கொண்டே நின்றார். பின்னால் வரிசை வாசல் வரை. இவருடைய ஒரு வெள்ளிகூட, அதாவது ஒரு டாலர்கூட, என் எக்செலில் இல்லை.

அப்புறம் எல்லாவற்றையும் சந்தேகப்பட ஆரம்பித்தேன். குடும்ப இடைநிலை மாத வருமானம் 7,744 வெள்ளி என்று பெரிதாகப் போட்டிருந்தேன். அது வேலை பார்ப்பவர் இருக்கும் குடும்பங்களுக்கு மட்டும், ஓய்வுக்காலச் சேமிப்பான மத்திய சேமநிதிக்கு முதலாளி கட்டும் பங்கும் அதில் சேர்த்தி, அந்தக் காசில் பருப்பு வாங்க முடியாது. மொழிக் கணக்கும் அப்படித்தான். வீட்டில் ஆங்கிலமே அதிகம் பேசுகிறவர்களில் 87 விழுக்காட்டினர் இரண்டாவதாக ஒரு தாய்மொழியும் பேசுகிறார்கள். என் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள், மகள் என்னிடம் ஆங்கிலம்தான், ஆனால் இட்லிமாவு தீர்ந்துவிட்டால் அது தமிழ்க்கடை இட்லிமாவாகத்தான் வரவேண்டும். தமிழ் குறைந்தால் மளிகை குறையும் என்று நான் போட்ட கணக்கு, சும்மா என் அவசரம்.

இரண்டாவது அறிக்கையில் ஒவ்வோர் அட்டவணைக்குக் கீழேயும் "இதில் சேராதவர்கள்" என்று ஒரு வரி போட்டேன். செங்காங்கை முழுக்கத் தள்ளிவிடவில்லை. வாரநாள் வியாபாரம் வேண்டுமென்றால் அதுதான் சரி, ஞாயிறு ஒரே நாளில் வாரத்தையே தேற்ற முடியுமென்றால் தேக்கா, என்று இரண்டையும் எழுதிக் கொடுத்தேன். மேலாளருக்கு அது பிடிக்கவில்லை, முடிவாக ஒன்றைச் சொல் என்றார்.

அண்ணன் தேக்காவையே எடுத்தார். திறப்பு விழாவுக்குப் போயிருந்தேன், செவ்வாய்க்கிழமை காலை. கடையில் நாங்கள் ஐந்து பேர்தான், அதில் ஒருவர் ஐயர்.