வாசித்துக் காட்டாத ரிப்போர்ட்

"அப்ப இது தேறாதா நைனா?" என்று அந்தம்மா கேட்டது ஒரு மே மாதம், உச்சி வெயிலில், மோட்டார் கொட்டகை ஓரத்தில். என் கையில் தண்ணீரின் உப்பளவைக் காட்டும் ஈ.சி. மீட்டர். எண் 4.9, 4.7 என்று இறங்கி 4.6-இல் நின்றது. "தேறாதும்மா" என்றேன். இரண்டு வருஷம் ஆகிறது. சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பக்கம் எந்த வேலையாகப் போனாலும் அந்தச் சொல் முன்னால் வந்து நிற்கிறது.

சொன்னது பொய்யில்லை. பாசனத் தண்ணீரில் 3-ஐத் தாண்டினாலே நாங்கள் யோசிப்போம். மண்ணில் உப்பு 3-ஐத் தாண்டினால் நெல் மகசூல் இறங்க ஆரம்பிக்கும். அதற்கு மேல் ஒவ்வொரு புள்ளிக்கும் நூற்றுக்கு ஏறக்குறைய 12 போகும். வரப்பு வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது, செருப்பு பட்டதும் பொருக்காக உடைந்தது. அந்தம்மாவே குழாய்த் தண்ணீரைக் கையில் ஏந்தி, நாக்கு நுனியில் வைத்துத் துப்பிவிட்டு, "எங்க மாமியா காலத்துல இதத்தான் குடிச்சோம்" என்றார். எனக்குக் குடிக்கக் கொடுத்தது கேன் தண்ணீர்.

அவருக்கு ஏற்கெனவே தெரிந்ததைத்தான் நான் சொன்னேன், வேறொன்றும் செய்யவில்லை. பல நாள் இப்படித்தான் மனதைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் அவர் கேட்டது தண்ணீர் உப்பா என்று அல்ல. நிலம் தேறுமா என்று. அதற்கு மீட்டரில் பதில் கிடையாது.

ஆழ்துளைக் கிணற்றிலிருந்து சோதனைக்குத் தண்ணீர் மாதிரி எடுக்கும்போது மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, குழாயில் தேங்கிய தண்ணீர் போன பிறகுதான் பிடிக்க வேண்டும். அன்று த்ரீ ஃபேஸ் கரன்ட் அப்போதுதான் வந்திருந்தது. ஐந்து நிமிஷம் ஓடியிருந்தால் அதிகம். அடுத்த ஊரில் எனக்காக நாலு பேர் காத்திருந்தார்கள். சரி, அரை மணி நேரம் ஓடியிருந்தால் எண் குறைந்திருக்குமா? கடலோரத்தில் அப்படிச் சொல்லிவிட முடியாது. இழுக்க இழுக்க அடியிலிருக்கும் உப்புத் தண்ணீர் மேலே ஏறவும் செய்யும். 5-ஐத் தாண்டியும் இருக்கலாம். இதை நினைத்து ஒரு நாள் நிம்மதியாவேன். மறுநாள், பருவம் முடிந்து தண்ணீர் அடிமட்டத்தில் கிடக்கும் மே மாதத்தில் எடுத்த ஒரே மாதிரியை வைத்து ஒரு நிலத்துக்குத் தீர்ப்புச் சொன்னேனே என்று தோன்றும்.

உப்பு ஏன் வந்தது என்பது நம் பக்கத்து ஆட்களுக்குப் புதிதில்லை. நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரைவிட லேசானது. கடல் மட்டத்துக்கு மேல் அது ஒரு மீட்டர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் ஆழம்வரை கடலைத் தள்ளி வைக்கும். மேலே ஒரு மீட்டரை உறிஞ்சினால் கீழே போவது அந்த 40. 1960களின் கடைசியிலிருந்து மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் கிணறுகளிலிருந்து பட்டணத்துக்குத் தண்ணீர் போயிற்று, விவசாயத்துக்கும் இறைத்தோம், ஆற்று மணலும் போயிற்று. நிலத்தடி நீரைக் கட்டுப்படுத்தச் சட்டம் வந்தது 1987-இல். 2010-இல் காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது, நாளுக்கு 10 கோடி லிட்டர். அதற்குள் இந்தக் கிணறுகளின் ருசி மாறிவிட்டது. அந்தம்மாவின் 80 சென்ட்டும் இந்தக் கணக்கில் சேர்ந்ததுதான்.

அன்று அவர் இன்னொன்றும் காட்டினார். வரப்பிலிருந்த ஆமணக்கு இலையைக் கட்டைவிரலால் ஒரு இழுப்பு இழுத்தார். விரல் போன தடம் மட்டும் பச்சை, மற்றதெல்லாம் காற்றில் வந்து படிந்த சாம்பல். "இதையும் எழுதிக்கோ நைனா" என்றார். எங்கள் படிவத்தில் மண்ணுக்கு இடம் உண்டு, தண்ணீருக்கு உண்டு, காற்றுக்கு இல்லை. ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டேன். டைப் அடித்த ரிப்போர்ட்டில் அது வரவில்லை.

பத்து நாளில் லேப் முடிவு வந்தது. தண்ணீர் 4.4. மண் 3.8, பி.எச். 7.6. அதாவது உவர் (உப்பு மிகுந்த மண்), களர் (சோடியம் மிகுந்த கார மண்) அல்ல. கடைக்காரர் பேச்சைக் கேட்டு அவர் போட்டிருந்த இரண்டு மூட்டை ஜிப்சம் களருக்குத்தான் மருந்து. உவருக்கு நல்ல தண்ணீர் கட்டி உப்பைக் கீழே இறக்கி வடிக்க வேண்டும். பரிந்துரையை நானே உட்கார்ந்து எழுதினேன். வரப்பை உயர்த்தி மழைநீரைத் தேக்கி வடிக்கவும். பசுந்தாள் உரமாகத் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழவும். சம்பாவுக்குக் கோ 43 நெல், வயது கூடிய நாற்றாக, குத்துக்கு நாலைந்து. மழைக்குப் பிறகு மறுமாதிரி எடுக்கவும். எழுதி முடித்தபோது, தேறாது என்று சொன்னவனின் ரிப்போர்ட்டாக அது இல்லை.

எடுத்துக்கொண்டு போனேன். திண்ணையில் உட்கார்ந்திருந்தார். "அட்வான்ஸ் வாங்கிட்டேன் நைனா. கன்டெய்னர் யார்டுக்குக் கேட்டாங்க. நீதான் தேறாதுன்னுட்டியே." குரலில் கோபம் இல்லை. ஒரு பாரம் இறங்கிய நிம்மதிகூட இருந்தது என்றுதான் அப்போது நினைத்தேன். காகிதத்தை வாங்கி, ரேஷன் கார்டு வைத்திருந்த பிளாஸ்டிக் கவரில் மடித்துச் செருகினார். அவருக்குப் படிக்கத் தெரியாது. வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்கவில்லை. நானும் வாசித்துக் காட்டவில்லை.

வாசித்திருந்தால்? வாங்கிய அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, எழுபது வயதில், ஆள் கூலி கொடுத்து, உப்பு மண்ணில் மழையை நம்பிச் சம்பா போட்டிருப்பாரா? போட வேண்டும் என்று எதிர்பார்க்க நான் யார்? மகன் அம்பத்தூரில் வேலையில் இருக்கிறார், நிலத்துக்குத் திரும்பமாட்டார். விற்றதால் கடன் அடைந்தது என்று பிறகு கேள்விப்பட்டேன். நல்லதுதான் நடந்தது என்று சொல்ல இத்தனை காரணம் இருக்கிறது. இருந்தும், விற்று முடிக்கும் முன் அவர் தெரிந்துகொள்ள வேண்டியது என் பையில்தான் இருந்தது. அதை அவருக்குப் பதமாகச் சொல்ல முழுசாய் ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது.

இப்போது அங்கே கிராவல் கொட்டி நாலடி மேடாக்கிக் கன்டெய்னர் அடுக்கியிருக்கிறார்கள். மழைத் தண்ணீர் பக்கத்து நிலத்தில் இறங்குகிறது. போன மாதம் அந்த நிலத்துக்காரர் கூப்பிட்டிருந்தார். மோட்டாரைப் போட்டு முழு அரை மணி நேரம் காத்திருந்தேன். எண் 3.9. "தேறுமா சார்?" என்றார். மழைக்குப் பிறகு இன்னொரு வாட்டி பார்த்துச் சொல்கிறேன் என்றேன். சரியாகத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன். அவரோ, "மழைக்குள்ள நிலத்தைக் கேட்டவன் நிப்பானா சார்?" என்று கேட்டுவிட்டு மேட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார்.