கேட்டவர்களின் கடமை

பூர்வகுடிப் பிள்ளைகள் வதிவிடப் பாடசாலைகளில் பட்ட கொடுமைகளை விசாரித்த கனடாவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2015 இல் முன்வைத்த 94 கோரிக்கைகளில் கடைசி இரண்டும் யாழ்ப்பாணத்துக் குடும்பங்களை நேரடியாகத் தொடுகின்றன. புதிதாகக் குடியேறுபவர்களுக்கான கையேட்டிலும் குடியுரிமைப் பரீட்சையிலும் பூர்வகுடிகளின் வரலாறு முழுமையாக இடம்பெற வேண்டும் என்கிறது 93 ஆவது. குடியுரிமைச் சத்தியப்பிரமாணத்தில் அம்மக்களுடனான உடன்படிக்கைகளும் குறிப்பிடப்பட வேண்டும் என்கிறது 94 ஆவது. சொற்கள் சற்று மாறினாலும் அது 2021 இல் சட்டமாகிவிட்டது. அதன் பின்னர் அங்கே குடியுரிமை பெற்ற எங்கள் மருமக்களும் பெறாமக்களும், பூர்வகுடிகளின் உரிமைகளை ஏற்று உறுதிசெய்யும் அரசியலமைப்பைக் கடைப்பிடிப்போம் என்று வாய்விட்டுச் சொல்லியே குடிமக்களானார்கள்.

சுமார் 1,50,000 பூர்வகுடிப் பிள்ளைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு, தாய்மொழி பேசியதற்காகத் தண்டிக்கப்பட்ட வதிவிடப் பாடசாலைகளின் கதை இப்போது ஓரளவு தெரிந்ததே. அதிகம் பேசப்படாதது, அந்த ஆணைக்குழு அரசின் பெருந்தன்மையால் பிறக்கவில்லை என்பது. உயிர்பிழைத்தவர்கள் தொடுத்த வழக்குகளின் இணக்கப்பாட்டிலிருந்தே அது உருவானது. 6,500 க்கும் மேற்பட்டோர் அதன் முன் பேசினார்கள். பொதுமக்களும் வந்து அமர்ந்து கேட்டார்கள். சிலர் கௌரவ சாட்சிகளாக ஏற்கப்பட்டு, கேட்டதை மனதில் இருத்திப் பிறருக்கு எடுத்துச் சொல்லும் கடமையைப் பெற்றார்கள். அழுதவர்கள் கண்ணீர் துடைத்த தாள்களைக்கூடக் குப்பையில் எறியாமல் சேகரித்து, புனித நெருப்பில் இட்டார்கள். கேட்பதை இவ்வளவு மரியாதையோடு நடத்திய இன்னொரு விசாரணையை நான் அறியேன்.

எங்கள் உறவினர் நிறைந்து வாழும் ரொறன்ரோவின் நிலமும் பூர்வகுடிகளுடன் செய்த உடன்படிக்கைகளுக்கு உட்பட்ட நிலமே. அதனோடு தொடர்புடைய 1923 ஆம் ஆண்டின் வில்லியம்ஸ் உடன்படிக்கைகளில் இழைக்கப்பட்ட அநீதிக்கு 2018 இல்தான் கனடிய அரசு மன்னிப்புக் கோரியது. தொலைபேசியில் பேசும்போது, அவர்களுடைய வீடு எந்த உடன்படிக்கையின் நிலத்தில் நிற்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.

பாதிக்கப்பட்டவர்கள் சொல்வதை நாங்கள் கேட்கிறோமா என்ற கேள்வியை இங்கே யாழ்ப்பாணத்திலும் எழுப்ப வேண்டியிருக்கிறது. 2010 இல் ஓர் ஆணைக்குழு யாழ்ப்பாணத்தில் அமர்ந்தபோது, காணாமற்போன பிள்ளைகளைப் பற்றி எங்கள் தாய்மார் சொன்னவற்றுக்கு இன்றுவரை உரிய பதில் இல்லை. அந்தக் காயம் எனக்கும் உண்டு. ஆனால் 1990 ஒக்ரோபரில் இரண்டு மணி நேர அவகாசத்தில் இந்த நகரிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களின் சாட்சியத்தை, குறுக்கே பேசாமல், 'ஆனால்' என்று தொடங்காமல் கேட்க நாங்கள் எத்தனை பேர் கூடியிருக்கிறோம்? அவர்கள் வாழ்ந்த சோனகத் தெருவுக்குத் திரும்பி வந்தவர்கள் பேசவும், தமிழராகிய நாங்கள் கேட்கவும், ஒரு பாடசாலை மண்டபத்தில் ஒரு நாளை ஒதுக்க வேண்டும் என்று ஊர் நண்பர்களிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.