முழங்கால் வலி அறிந்த வழிகாட்டிகள்

முதியோருக்கு உடற்பயிற்சி சொல்லித்தர முதியோரையே பழக்குவது என்று தீர்மானித்ததும், யாரைத் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் எங்களுக்குள் வாக்குவாதம் எழுந்தது. பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் அறுபதைத் தாண்டியும் வள்ளத்தில் தொழிலுக்குப் போகிற திடகாத்திரமானவர்களுக்குக் குறைவில்லை என்பதால், அவர்களையே அமர்த்தலாம் என்றனர் சிலர். ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியனான நான் அதற்கு ஒப்பவில்லை. முழங்கால் வலியோடு படியேறப் பழகியவரும், சர்க்கரைக்கு மாத்திரை போட்டுக்கொண்டே நடக்கத் தொடங்கியவருமே இப்பணிக்கு ஏற்றவர்கள் என்பது என் எண்ணம். பிறர் செய்து முடிப்பதைக் காண்பதும் தன்னம்பிக்கைக்கு ஓர் ஊற்று என்று 1977இல் எழுதிய உளவியலாளர் ஆல்பர்ட் பாண்டுரா, அந்தப் பிறர் நம்மை ஒத்தவராக இருந்தால் பலன் கூடும் என்றும் விளக்கியிருக்கிறார். பலசாலியைப் பார்த்து வியந்துவிட்டுத் திண்ணையிலேயே இருந்துவிடலாம். மூட்டு வலிக்காரர் எழுந்து நிற்பதைப் பார்த்தால் அவ்வளவு எளிதில் சாக்குச் சொல்ல முடியாது.

65 வயதுக்கு மேற்பட்டோருக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பும், இரண்டு நாளாவது தசை வலுப்பயிற்சியும், மூன்று நாளாவது சமநிலைப் பயிற்சியும் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட பரிந்துரை. “வலை இழுத்த கைக்கு இதெல்லாம் எதுக்குப்பா?” என்று கேட்பவரிடம் வாதாடாமல், சுவரோரம் ஒற்றைக் காலில் சற்று நேரம் நிற்கச் சொன்னால் போதும், பெரும்பாலும் அவருக்கே விடை தெரிந்துவிடும்.

30 விநாடியில் எத்தனை முறை நாற்காலியிலிருந்து எழ முடிகிறது என்று எண்ணும் சோதனை எளிமையானதுதான். ஆனால் கடற்கரை மணலில் பிளாஸ்டிக் நாற்காலியின் பின்னங்கால்கள் புதைந்து சாய்ந்துவிடும் ஆதலால், சிமெண்டுத் தரையில், நாற்காலியின் முதுகு சுவரைத் தொடும்படி வைத்தே அதைச் செய்ய வேண்டும். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு எழுபவரே வாய்விட்டு எண்ண வேண்டும்; மூச்சை அடக்கினால் இரத்த அழுத்தம் ஏறும். வழிகாட்டி எதிரே நில்லாமல், தள்ளாடினால் தாங்கும் தூரத்தில் பக்கவாட்டில் நிற்க வேண்டும். சர்க்கரையால் பாதம் மரத்துப்போனவரை வெறுங்காலோடு மணலில் நடத்தவே கூடாது.

வழிகாட்டிகளைப் பழக்கும் நேரத்தில் பெரும்பகுதியை, உடற்பயிற்சியை எப்போது நிறுத்துவது என்பதற்கே ஒதுக்குகிறோம். நடக்கும்போது பேச முடிய வேண்டும். ஒரு வாக்கியத்தைக்கூட முடிக்க முடியாமல் மூச்சிரைத்தால் வேகம் மிகுதி. நெஞ்சில் இறுக்கமோ குளிர்ந்த வியர்வையோ கண்டால் உடனே நிறுத்திவிட்டு 108ஐ அழைக்க வேண்டும். இதைவிடக் கற்பிக்கக் கடினமானது, மாத்திரை பற்றி வாய் திறவாதிருப்பது. தமக்கு ஒத்துக்கொண்ட மருந்தை அடுத்தவருக்கும் சிபாரிசு செய்வதை நம் ஊரில் உபசாரமாகவே கருதுகிறார்கள்!

பெண்களுக்குப் பெண்களே வழிகாட்ட வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. கடல்பாசி எடுக்கும் பெண்கள் தண்ணீரில் குனிந்து நின்றே இடுப்பைத் தேய்த்தவர்கள். கடலுக்குப் போகும் நாட்களில் அவர்களை வகுப்புக்கு அழைப்பதில்லை. அவர்களில் சிலர் எழுந்து நின்று செய்யும் பயிற்சிகளைத் தவிர்த்ததன் காரணம் சிறுநீர்க் கசிவு என்பது, அவர்கள் வயதொத்த வழிகாட்டியிடம்தான் வெளிவந்தது. என்னிடம் இடுப்பு வலி என்றே சொல்லியிருந்தார்கள். இப்போது, சிறுநீரை அடக்க உதவும் இடுப்புத்தள தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியையும் சேர்த்திருக்கிறோம். பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் கற்று வந்து அந்த வழிகாட்டியே அதை நடத்துகிறார். அந்த நேரத்தில் ஆண்கள் யாரும் அங்கே இருப்பதில்லை.